சிறகுக்கு ஒரு மைத்துனர்

கடைசியில் நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது இல்லை. இந்தக் கதையில் ஒருவன் நன்றாக ஏமாறுகிறான். அது அவனுக்கு உறைக்கிற வரைக்கும் வாசகர்கள் வாயை மூடி வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். முன்கூட்டிச் சிரிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது, இருந்தாலும் எடுக்கப்படும்.

என் அக்கா ஜெயஷீலாவின் புருஷன் ரோமால்டு அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் சரியாதபடி கம்பி போட்டு இறுக்குவது. வாரத்தில் ஆறு நாள் எதுவும் அசையாமல் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு ஏழாவது நாள் எதையாவது அசைத்துப் பார்க்க ஆசை வரும்தானே. பழைய எஸ்டீம் கார் ஒன்றைப் பிடித்து, பின்சீட்டு, மிதியடி, ரேடியோ எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ரேஸ் வண்டியாக்கி வைத்திருந்தார். ரோட்டில் ஓட்ட மாட்டார். வருஷம் ஒரு தடவை, டயர்க்கடை மகாராஜன் அண்ணாச்சி உப்பளத்தை ஒட்டிய காலி கன்டெய்னர் யார்டில் ஓட்டப்போட்டி நடத்துவார். அதில் மட்டும் ஓட்டுவார்.

போன வருஷம் கடைசி வளைவில் எஸ்டீமின் பின்பக்கம் வழுக்கி, வண்டி மூன்று சுற்றுச் சுற்றி உப்புப் பாத்திக்குள் போய் உட்கார்ந்தது. அத்தான் வெளியே வந்தபோது கருவாட்டுக்குத் தயாராக இருந்தார். ஊரே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் பாத்தி இருந்துச்சு. இந்தப் பக்கம் வழுக்கியிருந்தா கான்கிரீட்டுச் சுவரு," என்றாள். "பின்னாடி அமுக்கிப் பிடிக்க ஒண்ணு வேணும்."

அக்காவுக்குத் திரேஸ்புரத்தில் ஃபைபர் படகு கட்டுகிற பட்டறையில் வேலை. படகு செய்கிறவளுக்கு விங்கு செய்வது ஒரு பெரிய காரியமில்லை. அச்சு போட்டு, பிசின் பூசி, தேய்த்து, பத்தே நாளில் வழவழவென்று ஒன்று செய்துவிட்டாள். விமானத்துச் சிறகைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தது. அது காற்றில் தூக்கும். இது காற்றில் அமுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏலே பெவினு, நல்லாக் கேட்டுக்கோ," என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "டிக்கி மூடி வெறும் தகரம். விங்க அதுல மாட்டுனா மூடியோட பிச்சுக்கிட்டுப் போவும். கால் ரெண்டும் மூடியத் தொளைச்சு உள்ள இறங்கி, அடியில இருக்க சட்டத்தப் பிடிக்கணும். சட்டத்துக்கு உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு அலுமினியத் தகடு. அஞ்சு மில்லி கனம். அதுக்கு மேல லாக் நட்டு. ஒரு காலுக்கு மூணு போல்ட்டு."

"தகடு எதுக்குக்கா? வாஷர் போதாதா?"

"இழுவை எல்லாம் ஒரு ஓட்டையில நிக்கும்லே, சட்டமே கிழிஞ்சிரும். தகடு இருந்தா பிரிச்சு வாங்கிக்கும். பாதி வளைவுல விங்கு போச்சுன்னு வையி, அமுக்கிக்கிட்டிருந்த கைய திடீர்னு எடுத்த மாதிரி ஆயிரும். விங்கே இல்லாம ஓடுறதவிட மோசம். உங்க அத்தான் உசுரு அந்தத் தகட்டுலதான் இருக்கு. ரெண்டு தகடு நீ வெட்டணும்."

ஒரு தகடு வெட்டினேன். ஆயிரம் வேலைக்கு நடுவில்தான் வெட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வெட்டும்போது பிளேடு உடைந்தது. கடைக்குப் போக வேண்டும், பிளேடு வாங்க வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். வீட்டில் மக்ரூன் வாங்கிவந்த தகர டப்பா ஒன்று இருந்தது. அதன் மூடி உள்ளங்கை அகலம். மூன்று ஓட்டை போட்டு, வெள்ளி பெயின்ட் அடித்து, உள்ளே வைத்து நட்டை இறுக்கினேன். பெயின்ட் காய்ந்ததும் எது அசல் எது மூடி என்று எனக்கே சந்தேகம். டிக்கிக்குள் தலையை விட்டு யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த ஆயிரம் வேலை என்ன என்று கேட்பீர்கள். குரல். திரேஸ்புரத்தில் மீன் ஏலம் விடுகிறவர், கோயில் மைக்கில் காணாமல் போன செருப்பை அறிவிக்கிறவர், துறைமுகக் கேட்டில் பாஸ் கேட்கிறவர், எல்லோரும் என் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள். குடும்பத் தொண்டை அப்படி. அக்காகூடப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிளாரன்ஸ் சித்தி குரலில் ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டு லீவு வாங்கியவள்தான். இப்போது அவளுக்குப் பிசினோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கிறது.

விங்கு ஏறியாயிற்று. அப்போதுதான் மகாராஜன் அண்ணாச்சியின் அறிக்கை வந்தது. "வாகனத்தில் சிறகு பொருத்தியிருப்போர் அதன் பாதுகாப்புக் குறித்து ஏதேனும் ஓர் அரசு அலுவலரிடம் முத்திரையுடன் கூடிய சான்று பெற்று வருதல் வேண்டும்."

"ஏதேனும்னா எந்த ஆபீஸ் அண்ணாச்சி?" என்று அத்தான் கேட்டார்.

"அது எனக்கெதுக்கு? முத்திர உருண்டையா, ஊதா மையில இருக்கணும். போன வருஷம் ஒருத்தன் விங்கு பறந்து போயி டீக்கடைக்காரரு பாய்லர்ல விழுந்துச்சுல்லா. கமிட்டில கேக்காவ. நாங்க முத்திரைய மட்டும்தான் பாப்போம். படிக்கிற வழக்கம் இல்ல."

அத்தானுக்கு லீவு இல்லாததால் சான்று வாங்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் ஓர் அலுவலகம் போனேன்.

"இந்த வண்டி ரோட்ல ஓடுமா?"

"ஓடாது சார். டிராக்ல மட்டும்."

"ரோட்ல ஓடாதது எங்களப் பொறுத்தவர வண்டியே இல்ல. வீட்டுச் சாமான். கட்டிலுக்கு நாங்க சான்று குடுக்கோமா?"

அடுத்த அலுவலகத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்கள். "சிறகுன்னு எழுதியிருக்கீங்க. பறக்குமா?"

"பறக்காம இருக்கத்தான் சார் சிறகு."

"பறக்காததுக்கெல்லாம் சான்று குடுக்க ஆரம்பிச்சா ஆட்டுக்கல்லுக்கும் குடுக்கணும் தம்பி. வரிசை ரோடு வரைக்கும் நிக்கும்."

மூன்றாவது இடத்தில், படகுப் பட்டறையில் செய்ததால் அது மிதக்குமா என்று கடலில் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பி நடக்கும்போதுதான் சந்துக்குள் அந்தப் போர்டு கண்ணில் பட்டது: சலாபக் காத்திருப்பு அலுவலகம்.

சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. இந்தக் கடலில் அது நின்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ஒருநாள் முத்து திரும்பி வந்து, அதை வரவேற்க ஆள் இல்லாமல் அவமானப்பட்டுப் போய்விடக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் அந்த அலுவலகம். உள்ளே இரண்டு பேர். அலுவலர் சிவனணைந்தபெருமாள் சார். எழுத்தர் செல்லக்கனி அக்கா. சுவரோரம் முத்து சலிக்கும் சல்லடைகள், முத்தைச் சோதிக்கும் பூதக்கண்ணாடி, முத்துக்குளிக்கிறவர் காலில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் கல் ஒன்று, அதற்குக் கயிறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை "இக்காலாண்டில் முத்து எதுவும் தென்படவில்லை" என்று சென்னைக்கு ஓர் அறிக்கை. சென்னையிலிருந்து "தொடர்ந்து காத்திருக்கவும்" என்று ஒரு பதில்.

சமீபத்தில் அந்தப் பதில் வரவில்லையாம். கோப்பு எதுவும் நகராத அலுவலகங்களை மூடப்போவதாகப் பேச்சு. அதனால் என் கையில் மனுவைப் பார்த்ததும் சிவனணைந்தபெருமாள் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. செல்லக்கனி, டீ சொல்லுங்க. தம்பி, இந்தப் பொருள் என்ன செய்யும்?"

"அமுக்கும் சார்."

"எதை?"

"வண்டிய. கீழ."

"கீழே," என்றார் அவர். கண்ணை மூடினார். "கீழே கொண்டுபோகும் பொருள்." திறந்தார். பார்வை மூலையில் கிடந்த கல்லில் போய் நின்றது. "தம்பி, கீழே கொண்டுபோகும் பொருள் எல்லாம் நம்ம வரம்புக்குள்ள வருது!"

விதிப்புத்தகம் வந்தது. தட்டியதில் பாதி அறை தும்மியது. விதி பதினான்கு: கல்லின் துணையால் கீழே இறங்கும் எவரும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும், கயிற்றின் மறுமுனையைப் பொறுப்புள்ள ஒருவர் பிடித்திருத்தல் வேண்டும்.

"ஆனா," என்று சார் முகம் வாடினார். "சிறகைக் கல்லாகக் கருதலாமான்னு மேலிடத்துல ஒரு வார்த்தை கேக்கணுமே. எழுதிப் போட்டா ஒரு வருஷம் ஆகும்."

போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். போண்டாக் கடைக்குப் பின்னால் நின்று, போர்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். தொண்டையைச் செருமி, சளி பிடித்த, கோபக்காரி, ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருத்தியை வெளியே எடுத்தேன்.

"சென்னை கூடுதல் இணைச் செயலாளர் பேசறேன். அங்க ஒரு சிறகு வந்திருக்கே, என்ன ஆச்சு?"

மறுமுனையில் நாற்காலி பின்னால் விழும் சத்தம். "அம்மா! வணக்கம் அம்மா! இப்பத்தான் அம்மா வந்துச்சு! அதுக்குள்ள..."

"எங்களுக்குத் தெரியாம எது வரும்? கல்லாக் கருதுங்க."

"கருதிட்டேன் அம்மா. கயிறு யாரு பிடிக்கறதுன்னு..."

"பழைய வழக்கம் என்ன?"

"மைத்துனர் அம்மா. பொண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். கூடப்பிறந்தவ தாலி தன் கையில இருக்குன்னு பிடிய விடமாட்டான் பாருங்க."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அமுக்கிக்கொண்டு, "அப்படியே போடுங்க. புரியுதா? புரியலைன்னா குறிச்சுக்கோங்க," என்று வைத்தேன்.

அரை மணி நேரத்தில் சான்று தயார். "மேற்படி சிறகு கீழ்நோக்கிச் செயல்படுவதால் கல் எனக் கருதப்பட்டு, அதன் கயிற்றை மனுதாரரின் மைத்துனர் திரு. பெவின் பிடித்துக்கொள்வார் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டு, நேரில் பார்வையிடப்பட்டதாக ஏற்கப்படுகிறது." நேரில் எங்கே பார்வையிட்டார்? என் போனில் போட்டோவைக்கூடத் தலைகீழாகத்தான் பார்த்தார். ஊதா மை, உருண்டை முத்திரை. நடுவில் ஒரு சிப்பி.

வீட்டில் அதை வாசித்துவிட்டு அத்தான் புரையேறும்வரை சிரித்தார். "ஏலே, வண்டி கூடவே கயிறப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவியால?"

"காகிதத்துல இருக்கது காகிதத்துலயே கெடக்கும் அத்தான். எந்த விதி எறங்கி வந்து நடந்திருக்கு?"

அக்கா இரண்டு தடவை வாசித்தாள். போன் போட்ட பெருமையையும் நான் சொல்லிவைத்தேன். "சென்னையில இருந்து அம்மாவா பேசினா? எப்படிலே பேசினா?"

கலைஞனிடம் அப்படிக் கேட்கலாமா? முழுதாக நடித்துக் காட்டினேன். சளி, கோபம், "புரியுதா? புரியலைன்னா குறிச்சுக்கோங்க" வரைக்கும்.

"நல்லாருக்கு," என்றாள். "தகடு ரெண்டும் போட்டுட்டியா?"

"போட்டாச்சுக்கா."

"அஞ்சு மில்லியா?"

"அஞ்சு மில்லி."

"சரி. மக்ரூன் டப்பா ஏம்லே மூடியில்லாமக் கெடக்கு? எறும்பு மொய்க்கி."

"எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அந்தச் சான்றை அத்தான் கண்ணாடியில் ஒட்டி போட்டோ எடுத்து அனுப்பியது வினையாகப் போயிற்று. ஒரே வாரத்தில் ஊரில் பாதிக் காருக்கு விங்கு முளைத்தது. ஓட்டப்போட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்கள்கூட மாட்டினார்கள். மீன் ஏற்றுகிற குட்டி யானைக்கு விங்கு. ரொட்டி வண்டிக்கு விங்கு. ஒரு ஷேர் ஆட்டோவுக்குத் தெர்மாகோலில் விங்கு. அதில் காக்கா உட்கார்ந்து மேலும் அமுக்கியது. விங்கு மாட்டியவர்கள் அத்தனை பேருக்கும் ஊதா முத்திரை வேண்டியிருந்தது. முத்திரைக்கு மைத்துனர் வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஊரில் மைத்துனர் தட்டுப்பாடு இருப்பது தெரிய வந்தது. ஒரே பெண்ணாகப் பிறந்தவளைக் கட்டியவர்கள் முதல் தடவையாக வருத்தப்பட்டார்கள். பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த மச்சினனை வீடு தேடிப் போய் அழைத்து வந்தவர்கள் மூன்று பேர். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணுக்கு அண்ணன் தம்பி எத்தன பேரு? சும்மா கேட்டேன்," என்று தொடங்கினார்கள். மைத்துனர் காருக்குப் பின்னால் கயிறு பிடித்து நிற்கிற போட்டோ இல்லாத குடும்பம் குடும்பமா?

காயல்பட்டினம் இல்யாஸ் காக்கா லீவில் வந்திருந்தார்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பெரிய வெள்ளைக் கார், அதைவிடப் பெரிய விங்கு. அலுவலகத்தில் நான் இருக்கும்போதுதான் வந்தார்.

"சார், மச்சான் தம்மாம்ல இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு லீவு இல்ல."

சிவனணைந்தபெருமாள் சார் யோசித்தார். "போன்ல முகம் தெரியுமா?"

"வீடியோ கால்ல தெரியும்."

"அப்ப கயிறைப் போன்ல கட்டிருங்க. செல்லக்கனி, எழுதுங்க: வளைகுடா வாழ் மைத்துனர்களுக்குக் காணொளி வாயிலாகத் தளர்வு அளிக்கப்படுகிறது."

அலுவலகத்துக்குப் புது மேசை வந்தது. பின்பு புது மின்விசிறி. சுவரிலிருந்த சல்லடைகளைக் கழற்றி, மனுக்களைப் போட்டு வைத்தார்கள். முத்து வந்தால்கூட இனி வரிசையில்தான் நிற்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போண்டாக் கடைக்குப் பின்னால் நின்று ஓர் அரசாங்கத்தையே நடத்திக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது செல்லக்கனி அக்கா என்னைப் பார்த்துக் கை காட்டினார். "தம்பி, நேத்து அந்த அம்மா மறுபடியும் பேசினாவ."

"எந்த அம்மா?"

"சென்னை அம்மா. அதே சளி. அதே கோவம். சாரு நின்னுக்கிட்டே பேசினாரு."

அந்தப் போனை நான் போடவில்லை. நேற்று முழுக்க நான் திரேஸ்புரத்தில் ஏலக்காரருக்கு எதிரே நின்று அவர் குரலிலேயே ஏலம் விட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால்? கொஞ்ச நேரம் யோசித்ததில் விளங்கியது. சென்னையில் அப்படி ஓர் அம்மா நிஜமாகவே இருக்கிறார்! நான் சும்மா கற்பனை பண்ணிய அதிகாரி, பதவியேற்று, கோப்பைப் படித்து, என் விதியையே ஏற்றுக்கொண்டுவிட்டார். என்னைப் போல் ஒரு தீர்க்கதரிசி உண்டா?

"என்ன சொன்னாவ?"

செல்லக்கனி அக்கா திருத்தப்பட்ட ஆணையை நீட்டினார். ஒன்று: மைத்துனர் போட்டியின்போது வண்டிக்கு உள்ளேயே அமர்ந்து கயிற்றைப் பிடித்தல் வேண்டும், போட்டிக் குழுவும் இதற்கு இசைந்துள்ளது. இரண்டு: சான்றளித்த அலுவலர், கடைசி வளைவின் வெளிப்புறத்தில், சிறகு கழன்றால் வந்து விழக்கூடிய இடத்தைக் கணித்து, அங்கே நாற்காலி போட்டு அமர்தல் வேண்டும்.

சிவனணைந்தபெருமாள் சார் மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்துக்கொண்டிருந்தார். "தம்பி," என்றார் மெதுவாக, "இந்தச் சிறகெல்லாம் எதுல ஒட்டியிருக்கும்?"

"நேரில் பார்வையிட்டீயல்லா சார்."

"ஆமா. பார்வையிட்டேன். எதுல ஒட்டியிருக்கும்?"

போட்டி நாள் காலையில் யார்டுக்குப் போனபோது ஒரு காட்சி கண்டேன். எஸ்டீமையும் இல்யாஸ் காக்காவின் காரையும் தவிர்த்து, வரிசையாகப் பதினோரு விங்கு வண்டி. பதினோரு வண்டிக்கு அடியிலும் பதினோரு ஜோடிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் மைத்துனர்கள். கையில் ஸ்பேனர். ஒரு மாதமாகக் கயிறு பிடித்துப் போட்டோவுக்குச் சிரித்தவர்கள், உள்ளே உட்கார வேண்டும் என்றதும் ஒவ்வொரு நட்டாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏ மாப்ள, இங்கன போல்ட்டே இல்லயேல! ஒட்டியிருக்க!" என்று ஒரு வண்டிக்கு அடியிலிருந்து அலறல் வந்தது.

சிவனணைந்தபெருமாள் சார் முத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியோடு வண்டி வண்டியாகக் குனிந்து வந்தார். அவர் குனிந்து நான் பார்த்ததே இல்லை. இல்யாஸ் காக்காவின் விங்கில் விரலை வைத்தார். விங்கு கையோடு வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு சார்," என்றார் காக்கா. போனுக்குள்ளிருந்து தம்மாம் மச்சானும் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட்டேனா?"

"அழகாப் போட்டீங்க சார்."

நான் சிரித்துக்கொண்டே எஸ்டீமுக்கு வந்தேன். சிரிப்பு அங்கேயே நின்றது. பின்பக்கம் புதிதாக ஒரு சீட்டு முளைத்திருந்தது. நாலு பக்கப் பெல்ட்டு. ஒரு ஹெல்மெட். பின் கண்ணாடிக்குப் பதிலாகப் போட்டிருந்த பலகையில் ஓர் ஓட்டை, அது வழியாக விங்கின் காலில் கட்டிய கயிறு.

"ஏறுல மைத்துனா," என்றார் அத்தான், கையுறை மாட்டிக்கொண்டே. முகத்தில் ஒரு சலனம் இல்லை. "ஆணையிலே இருக்குல்லா."

"அத்தான், அது சும்மா காகிதம்..."

"எறங்கி வந்திருச்சுல. என்ன செய்ய?"

அக்கா இரண்டு உப்பு மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். "விங்கு மேல மூட்டைய வச்சு ஒரு தடவ பாத்துரணும். வேகத்துல அவ்வளவு அமுக்கும். பத்து நிமிஷத்துல மூட்டையத் தூக்கி வைக்கோம். அதுக்குள்ள எதாவது வேல பாக்கி இருந்தா முடிச்சுக்கோ."

மூட்டை அம்பது அம்பது கிலோ. விங்கு. கால். சட்டம். சட்டத்துக்கு அடியில் என் மூடி. ஒரு மாதத்துக்கு மேலாக நான் அதைத் தகடு என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அது மூடி என்று தெரிந்தது. கடைசி வளைவு தெரிந்தது. இந்தப் பக்கம் பாத்தி, அந்தப் பக்கம் சுவர். முன்சீட்டில் அத்தான் தலை. நான் அந்த மூடியை மாட்டியபோதும் அந்தத் தலை அதே இடத்தில்தானே இருந்திருக்கும்? அப்போது எனக்கு ஏன் அது தெரியவில்லை?

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது டிக்கிக்குள் இறங்கினேன். மூன்று நட்டையும் கழற்றினேன். மூடி என் கையில் வந்தது. ஏற்கெனவே குழிந்து கிண்ணம் மாதிரி ஆகியிருந்தது. இனி தகடுக்கு எங்கே போவது? அக்காவின் கருவிப் பையைத் துழாவினேன். காகிதத்தில் சுற்றி ஒரு தகடு. உள்ளங்கை அகலம். அஞ்சு மில்லி. மூன்று ஓட்டையும் போட்டு, ஓரம் தேய்த்து, புது லாக் நட்டு மூன்றும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. பனிமய மாதாவே நேராக இறங்கி வந்து வைத்துவிட்டுப் போனது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க நேரமில்லை.

வாழ்நாளில் நான் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஆறு நட்டையும் இறுக்கினேன். ஆறிலும் போல்ட்டும் நட்டும் சேர்கிற இடத்தில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டேன். கோடு விலகினால் நட்டு சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். அக்கா சொல்லியிருந்தாள், நான் கேட்காத மாதிரி இருந்தேன். பிறகு கயிற்றையும் அவிழ்த்து, கால் இரண்டிலும் சுற்றி, சட்டத்தில் முடிச்சுப் போட்டேன். போல்ட்டே போனாலும் விங்கு வண்டியை விட்டுப் போகாது. நுனி மட்டும் என் கைக்கு.

உப்பு மூட்டை இரண்டும் ஏறின. விங்கு அசையவில்லை. டிக்கி மூடி முனகக்கூட இல்லை. சிவனணைந்தபெருமாள் சார் பூதக்கண்ணாடியால் ஆறு கோட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "முதல் தரம்," என்று முத்துக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வளைவை நோக்கி நடந்தார்.

நான் ஏறினேன். பெல்ட்டு போட்டேன். ஹெல்மெட். கயிறு. தெரிந்த ஜெபம் எல்லாம் சொல்லி முடித்து, தெரியாததையும் ஆரம்பித்தேன். மகாராஜன் அண்ணாச்சி ஜன்னலில் குனிந்தார்.

"ஏலே, நீ எதுக்குல உள்ள இருக்க?"

"கயிறு பிடிக்க அண்ணாச்சி. மைத்துனர்."

"என்னது?"

"ஆணையில போட்டிருக்கு. கமிட்டியும் இசைஞ்சிருக்கு."

"எந்தக் கமிட்டி? ஒரு வண்டிக்கு ஒரு ஆளுதான். அது என் விதியில மொத வரி. எறங்குல! அங்கன பாரு, எல்லா வண்டியிலயும் ஒருத்தன் கயிறோட உக்காந்திருக்கான். இது என்ன சப்பரமா? எல்லாவனும் எறங்குங்கல! சார், நீங்க அங்க எதுக்கு நாற்காலி போடுதீய? அங்க உக்காரக் கூடாது!"

நானும் அந்தப் பதினோரு மைத்துனர்களும் கயிற்றோடு இறங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சார் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். "சென்னையில இருந்து அம்மா பேசினாங்களே! ரெண்டு தடவை பேசினாங்களே!"

இரண்டு தடவை. ஒன்று நான். மற்றது?

திரும்பிப் பார்த்தேன். அக்கா டிக்கியில் சாய்ந்துகொண்டு, மூடியில்லாத டப்பாவிலிருந்து ஒரு மக்ரூன் எடுத்து வாயில் போட்டாள். அவசரமே இல்லாமல் மென்றாள். நான் சட்டைக்குள் ஒளித்திருந்த குழிந்த மூடியை உருவி டப்பாவில் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. பிறகு, சளி பிடித்த குரலில், சென்னையிலிருந்து பேசினாள்.

"தகடு மாத்தியாச்சா? புரியுதா? புரியலைன்னா குறிச்சுக்கோங்க."

"புரியுது அம்மா!" என்று பின்னாலிருந்து சிவனணைந்தபெருமாள் சார் விறைத்து நின்று, நாற்காலியைத் தலையிலிருந்து இறக்காமலேயே பேனாவைத் திறந்தார்.

எனக்கும் புரிந்துவிட்டது. இப்போது நீங்கள் சிரிக்கலாம்.